நான்கு கையகல நிலம்

மோட்டார் வண்டிக்குக் காற்றடிக்கும் கடையில் சக்கரம் ஒன்றுக்கு 32 பவுண்டு என்று சொல்லிவிட்டு நாம் வேறு எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறோம்; அந்தச் சிறிய எண்ணுக்குள் பௌதிக சாஸ்திரத்தின் அழகிய உண்மையொன்று அடங்கியிருப்பதை நினைப்பதில்லை. ஒரு சதுர அங்குலத்தின்மீது டயருக்குள் இருக்கும் காற்று செலுத்தும் அழுத்தமே அந்த 32 பவுண்டு; சென்டிமீட்டர் கணக்கில் சொன்னால், சதுர சென்டிமீட்டருக்கு இரண்டேகால் கிலோ. வண்டியின் எடை 1500 கிலோ என்று வைத்துக்கொண்டு, அந்த எடையை இந்த அழுத்தத்தால் வகுத்துப் பார்த்தால், நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஏறக்குறைய 670 சதுர சென்டிமீட்டர் என்று விடை வருகிறது. வளர்ந்த மனிதன் ஒருவன் தன் கையை விரல்களோடு தரையில் பதித்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவே ஒரு டயரின் பங்கு. ஆகவே, எத்தனை பெரிய வண்டியானாலும், எத்தனை குதிரை சக்தி கொண்ட எஞ்சினைச் சுமந்து வந்தாலும், அதற்கும் பூமிக்கும் உள்ள உறவெல்லாம் இந்த நான்கு கையகல நிலத்தின் வழியாகவே நடந்தாகவேண்டும்.

வண்டியை முன்னே தள்ளுவதும், வளைவில் திருப்புவதும், ஆபத்தில் நிறுத்துவதும் எஞ்சினோ ஸ்டியரிங்கோ பிரேக்கோ அல்ல. அவை வேண்டுகோள் மட்டுமே விடுக்கின்றன. அந்த வேண்டுகோளை நிறைவேற்றித் தருவது ரப்பருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. அந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லையை எந்தப் பணமும் எந்தத் துணிச்சலும் ஓர் அணுவளவும் நகர்த்திவிட முடியாது. விளையாட்டுக் கார் எனப்படும் ஸ்போர்ட்ஸ் காரை விரைந்து ஓட்டும் வித்தை என்பது இந்த எல்லைக்குட்பட்ட செல்வத்தை எங்கே, எப்போது, எதற்காகச் செலவிடுவது என்று அறிந்துகொள்ளும் வித்தையே. இந்த உண்மையை மிகத் தெளிவாகவும், வேண்டுமானால் மிகக் கடுமையாகவும் போதிக்கக்கூடிய ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் மனிதரல்லர், ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடும் ஒரு சாலை. நூர்பர்க்ரிங் என்பது அதன் பெயர்.

முதல் உலகப் போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில், வேலையின்றி வாடிய அந்த மலைநாட்டு மக்களுக்கு வேலை தரவும், ஜெர்மானிய மோட்டார்த் தொழிலுக்கு ஒரு பரீட்சைக் களம் அமைக்கவும் வேண்டி, 1925-ஆம் ஆண்டில் இதன் நிர்மாணம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு உழைக்க, 1927 ஜூன் மாதத்தில் முதற் கார்ப் பந்தயம் நடந்தது. மெர்சிடிஸ் காரை ஓட்டிய ருடால்ஃப் கரச்சியோலா அதில் வெற்றி பெற்றார். நூர்பர்க் என்ற பழைய கோட்டையைச் சுற்றி அமைந்ததால் அக்கோட்டையின் பெயரே இதற்கும் வாய்த்தது. இதன் வடக்குச் சுற்றாகிய நோர்ட்ஷ்லைஃபெ இன்று 20.8 கிலோமீட்டர் நீளமுடையது. எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள் கொண்டது. அதன் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையே ஏறக்குறைய 300 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றிய பந்தயப் பாதைகள் பல, போர் முடிந்து வெறிச்சோடிய விமானத் தளங்களில் அமைந்தவை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படிப்பட்டது. நம் சென்னைக்கு அருகே சோழவரத்தில் நடந்த பந்தயங்களும் போர்க்காலத்து ஓடுபாதையின்மீது நடந்தவையே. அங்கெல்லாம் நிலம் சமதளம்; வளைவு மட்டுமே வித்தை. நூர்பர்க்ரிங்கிலோ, மலை எப்படி எழுந்து தாழ்ந்ததோ அப்படியே சாலையும் எழுந்து தாழ்கிறது. ஆகையால் இடமும் வலமும் மட்டுமின்றி மேலும் கீழும் சேர்ந்து, டயரின் அடியிலுள்ள அந்தக் கையகல நிலத்தை ஒவ்வொரு கணமும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பந்தயமும் சோதனை ஓட்டமும் இல்லாத வேளைகளில் இது கட்டணம் செலுத்தும் ஒருவழிச் சாலையாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. நாமும் மனத்தளவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் அமர்ந்து அந்தச் சாலைக்குள் நுழைவோம்.

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர்களில் அவசரம் கூடாது என்பது அனுபவசாலிகளின் முதல் உபதேசம். ரப்பர் குளிர்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கிறது. உஷ்ணம் ஏறிய பிறகே இளகுகிறது. சாலையின் மேற்பரப்பு நம் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றினாலும், சிறு சரளைக் கற்களின் முனைகளால் ஆன ஒரு குட்டி மலைத்தொடரே அது. இளகிய ரப்பர் அந்த முனைகளின்மீது அமிழ்ந்து, அவற்றின் இடுக்குகளை நிரப்பி, நகரும்போது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப இயலாமல் தயங்குகிறது. அந்தத் தயக்கமே கல்லைப் பற்றிக்கொள்ளும் விசையாக மாறுகிறது. அதோடு, ரப்பரின் மூலக்கூறுகளும் கல்லின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து ஒட்டிப் பிரிகின்றன. இந்த இருவகைப் பற்றும் சேர்ந்துதான் உராய்வு என்ற ஒற்றைச் சொல்லால் நாம் குறிப்பிடுவது. நல்ல டயரும் உலர்ந்த சாலையும் கூடினால், வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையை உராய்வு தரவல்லது. விஞ்ஞானிகள் இதை உராய்வு எண் 1 என்பர்.

முதல் வளைவு வருகிறது. ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு பிரயாணம் செய்தவர்களுக்கு வளைவின் தத்துவத்தைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. பஸ் திரும்பும், நம் உடலோ பழைய திசையிலேயே போக விரும்பும், மேலே தொங்கும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டால்தான் பஸ்ஸோடு நாமும் திரும்ப முடியும். காருக்கு அந்தக் கம்பி, உராய்வு. வளைவின் ஆரம் 100 மீட்டர், உராய்வு எண் 1 என்று கொண்டால், சமதளச் சாலையில் கார் தாங்கக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 113 கிலோமீட்டர். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர் கூடினாலும் கம்பி கையை விட்டு நழுவும். மழை பெய்து உராய்வு பாதியாகக் குறைந்தால், அந்த உச்ச வேகம் 80 கிலோமீட்டராக இறங்கிவிடுகிறது. வளைவுக்குத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது என்பதே இக்கணக்கின் சாரம். வேகத்தைச் சிறிது கூட்டினாலும் தேவை பெரிதாகக் கூடிவிடுகிறது.

அப்படியானால் ஒரே வளைவை ஒருவர் மெதுவாகவும் மற்றொருவர் விரைவாகவும் கடப்பது எப்படி? சாலை வளைவதும் வண்டி வளைவதும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதே இதன் ரகசியம். நடுக்கோட்டில் 50 மீட்டர் ஆரம் கொண்டு செங்கோணமாகத் திரும்பும் ஒரு வளைவை எண்ணிக்கொள்வோம். நடுக்கோட்டைப் பற்றியே செல்பவருக்கு உச்ச வேகம் 80 கிலோமீட்டர். அந்தச் சாலையில் பயன்படுத்தக்கூடிய அகலம் 6 மீட்டர் என்றால், வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, வளைவின் நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்தில் போய் முடிபவரின் பாதை 67 மீட்டர் ஆரமுள்ள வில்லாக விரிந்துவிடுகிறது. அவருடைய உச்ச வேகம் 92 கிலோமீட்டர். எஞ்சினும் டயரும் சாலையும் ஒன்றே. சாலையின் அகலத்தை முழுவதும் பயன்படுத்தத் தெரிந்த அறிவுக்குக் கிடைத்த ஊதியம் அந்த 12 கிலோமீட்டர். வளைவுக்குப் பின் நீண்ட நேர்பாதை காத்திருக்குமானால், தேர்ந்த ஓட்டுநர் உள் ஓரத்தைத் தொடும் இடத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டு, நுழையும்போது கொஞ்சம் வேகத்தைத் தியாகம் செய்து, வெளியேறும்போது முன்னதாகவே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். நுழைவில் இழந்தது நொடியின் சிறு பங்கு. வெளியேறுகையில் பெற்ற வேகமோ நேர்பாதையின் கடைசி வரையில் அவரோடு கூடவே வருகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் ஏன் தரையோடு தரையாகப் பதிந்தும் அகன்றும் இருக்கிறது என்பதற்கும் வளைவிலேயே விடை கிடைக்கிறது. வண்டி வளையும்போது எடை உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டரும் உள்ள நமது 1500 கிலோ கார் தன் முழு உராய்வையும் கொண்டு வளைந்தால், 500 கிலோ எடை உள்ளிருந்து வெளியே பெயர்ந்துவிடும். பக்கத்துக்கு 750 கிலோவாக இருந்தது, வெளியே 1250, உள்ளே 250 என்று ஆகிவிடும். ஈர்ப்பு மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்திருந்தால் உட்பக்கச் சக்கரங்களில் வெறும் 50 கிலோவே மிஞ்சியிருக்கும். ஓரிடத்தில் குறைந்தது மற்றோரிடத்தில் கூடிவிட்டதே, இதில் நஷ்டம் ஏது என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. டயரின்மீது சுமையை இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிப்பதில்லை. அதைவிடக் குறைவாகவே வளர்கிறது. சுமையை நால்வரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் குடும்பம் நெடுநாள் நிற்பதுபோல, எடையைக் கூடியவரை சமமாகப் பங்கிடும் வண்டியே மிகுந்த பிடிப்பைப் பெறுகிறது. தாழ்ந்த உருவம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

இதுவரை சொன்னது எந்தப் பாதைக்கும் பொருந்தும். நூர்பர்க்ரிங்கின் தனிப் பாடம் இனித்தான் தொடங்குகிறது. ஃப்ளுக்பிளாட்ஸ் என்ற இடத்தில் சாலை ஏறிச் சென்று ஒரு முகட்டைக் கடந்து தாழ்கிறது. முகட்டை ஒட்டியே வலப்பக்க வளைவும் காத்திருக்கிறது. முகட்டின்மேல் விரையும் கார், எறியப்பட்ட கல்லைப்போல் நேரே பறந்துபோக விரும்புகிறது. அதைக் கீழே இழுத்துப் பிடிப்பதில் அதன் எடையின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. முகடொன்றின் ஆரம் 200 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் எடையில் பாதி மறைந்துவிடும். 159 கிலோமீட்டரில் எடை முழுவதுமே மறைந்து, டயர்கள் தரையை வெறுமனே தடவிக்கொண்டிருக்கும். எடை போனால் உராய்வும் போயிற்று. அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி கேட்பதில்லை. ஆகையால் முகட்டுக்கு முன்பே, வண்டி கனமாக இருக்கும்போதே, பிரேக் பிடித்துத் திசையையும் சீர்செய்துகொள்வது அறிவுடைமை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஃபுக்ஸ்ரோரெ வருகிறது. நரிவளை என்று அப்பெயரை மொழிபெயர்க்கலாம். மரங்களுக்கிடையே செங்குத்தாகச் சரிந்து இறங்கும் சாலை, அடியில் ஒரு பள்ளத்தைத் தொட்டு, உடனே எதிர்மேட்டில் ஏறுகிறது. ஊஞ்சல் ஆடும் குழந்தை மிகத் தாழ்ந்த நிலையில் வரும்போது பலகையை எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வாறே காரும் அந்தப் பள்ளத்தில் சாலையை அழுத்துகிறது. சற்றுமுன் முகட்டில் இழந்ததையெல்லாம் இங்கே மலை வட்டியோடு திருப்பித் தருகிறது. அதே 200 மீட்டர் ஆரமும் 113 கிலோமீட்டர் வேகமும் என்றால் வண்டியின் எடை ஒன்றரை மடங்கு. உள்ளே அமர்ந்தவரின் கன்னச் சதைகூடக் கீழே இழுபடுவதை உணரலாம். ஸ்பிரிங்குகள் அமுங்கி, வண்டியின் அடிவயிறு தரையை நோக்கித் தாழ்கிறது. டயர்கள் முன்னிலும் உறுதியாகப் பற்றுகின்றன. ஆனால் இந்தச் செல்வம் நொடிப்பொழுதுக்கே உரியது. மேட்டில் ஏறி அடெனாவர் ஃபோர்ஸ்ட் என்ற இறுகிய வளைவை அடைவதற்குள் அது தீர்ந்துவிடும். அப்போது வேகம் மட்டும் மிஞ்சியிருந்து பிடிப்பு மிஞ்சாதவர், சாலையோரப் புல்லில் போய் நிற்கிறார்.

வேகத்தைக் குறைப்பது என்பதன் உண்மைப் பொருளையும் இங்கே காணலாம். சக்தி அழிவதில்லை, ஓட்டத்தில் இருந்த சக்தி பிரேக்கில் உஷ்ணமாக உருமாறுகிறது. 1500 கிலோ கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு இறங்கும்போது வெளியாகும் உஷ்ணம், நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஏறக்குறைய 6 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அடுப்பில் எத்தனையோ நிமிஷங்கள் பிடிக்கும் அந்த வேலை, பிரேக் தகடுகளில் மூன்று நொடிக்குள் நடந்து முடிகிறது. அடுத்த வளைவில் மீண்டும், அதற்கடுத்த வளைவில் மீண்டும். தகடுகள் குளிர நேரம் கிடைக்காவிட்டால், உஷ்ணம் பிரேக் எண்ணெயையும் சென்றடைந்து அதைக் கொதிக்கச் செய்யும். திரவத்தை அமுக்க இயலாது. அதில் தோன்றும் ஆவிக் குமிழிகளையோ எளிதில் அமுக்கலாம். ஆதலால் மிதிகட்டை இலவம்பஞ்சில் கால்வைத்ததுபோல் உள்ளே போகும், வண்டியோ நிற்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பழைய எண்ணெய் இன்னும் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடும் என்பதால், மலைப்பாதையில் வண்டி ஓட்டும் எவரும் அந்த எண்ணெயைக் காலத்தில் மாற்றுவது உயிர்காக்கும் செயல்.

வளைவதற்கும் நிறுத்துவதற்கும் வெவ்வேறு களஞ்சியங்கள் இல்லை. இரண்டுக்கும் செலவாவது ஒரே உராய்வு என்பது ஓட்டுநர் மனத்தில் ஆழப் பதியவேண்டிய விதி. ஆயினும் இயற்கை இங்கே ஒரு சலுகை காட்டுகிறது. பிரேக்கின் விசை பின்னோக்கியும், வளைவின் விசை பக்கவாட்டிலும் செங்கோணமாக நிற்பதால், அவற்றை நேராகக் கூட்டாமல் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப்போலவே கூட்டவேண்டும். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம் இங்கே உயிர் பெறுகிறது: உராய்வில் நூற்றுக்கு 60 பங்கைப் பிரேக்குக்குச் செலவிட்டாலும், வளைவுக்கு 40 அல்ல, 80 பங்கு மிஞ்சியிருக்கிறது. தேர்ந்த ஓட்டுநர் வளைவுக்குள் நுழைந்துகொண்டே பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஒன்றிலிருந்து எடுத்ததை மற்றொன்றுக்குக் கொடுத்து, எப்போதும் அந்த எல்லைக் கோட்டின்மீதே நிற்கிறார். பயந்துபோனவரோ நூறு பங்கையும் பிரேக்குக்கே கொடுத்துவிடுகிறார். அப்போது வளைவுக்குக் கிடைப்பது பூஜ்யம். ஸ்டியரிங் திரும்பியிருக்கும், முன்சக்கரங்களும் திரும்பியிருக்கும், வண்டி மட்டும் நேரே போகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழி சாலைக்கும் பொருந்துகிறது.

எல்லை நெருங்கிவிட்டதை ஓட்டுநர் எவ்வாறு அறிகிறார்? உள்ளங்கையால் அறிகிறார். வளைவில் டயரின் ரப்பர் முறுக்கிக்கொள்ளும்போது, பக்கவாட்டு விசை டயரின் நடுவிலன்றிச் சற்றுப் பின்னால் செயற்படுகிறது. அதனால் ஸ்டியரிங் தானே நேராகத் திரும்ப முயன்று, கைக்கு ஒரு கனத்தைத் தருகிறது. பிடிப்பின் உச்சம் நெருங்க நெருங்க, தொடுபரப்பின் பின்பகுதி வழுக்கத் தொடங்கி, விசை நடுவை நோக்கி நகர்கிறது. அக்கணத்தில் ஸ்டியரிங்கின் கனம் மெல்லக் குறைகிறது. டயர் வாய்திறந்து அலறுவதற்கு முன்பே, இன்னும் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது என்று அது காதோடு சொல்லும் சொல் அது. அந்த இலேசான தளர்ச்சியைக் கேட்கத் தெரிந்த கைகளே நல்ல கைகள்.

பிரைட்ஷைட் என்ற தாழ்ந்த இடத்தைக் கடந்தபின் சாலை நெடுந்தூரம் ஏறிச் செல்கிறது. நமது காரை 300 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான சக்தி, 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரிடம் இருக்கும் இயக்க சக்தியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகையால் இந்த ஏற்றத்தில் எஞ்சினின் வலிமை உள்ளபடி பரீட்சிக்கப்படுகிறது. ஏற்றத்தின் தொடக்கத்தில் பெர்க்வெர்க் என்ற வளைவுக்குச் சற்று முன்புதான், 1976 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நிக்கி லாடாவின் ஃபெராரி பாதையை விட்டு விலகி மோதித் தீப்பற்றியது. முந்தைய ஆண்டில் இதே பாதையை 7 நிமிஷத்துக்குள் சுற்றி முடித்த முதல் மனிதர் அவர். இந்தப் பாதை பந்தயத்துக்கு உகந்ததன்று என்று எச்சரித்தவரும் அவரே. பின்னால் வந்த சக ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு ஓடிவந்து, நெருப்புக்குள்ளிருந்து அவரை இழுத்தெடுத்தார்கள். ஆறே வாரத்தில், ஆறாத காயங்களோடு அவர் மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பினார். ஆனால் ஃபார்முலா 1 பந்தயம் அதன்பின் வடக்குச் சுற்றுக்குத் திரும்பவேயில்லை. 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் காட்டுப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் தீயணைப்போரையும் மருத்துவரையும் நிறுத்தி வைப்பது எளிதன்று என்பதை அந்த நாள் உலகுக்கு உணர்த்திவிட்டது.

மேட்டின் மீது கரச்சியோலாவின் பெயரைத் தாங்கிய கருசெல் இருக்கிறது. ராட்டினம் என்பது அதன் பொருள். அரைவட்டத்துக்கும் மேலாகத் திரும்பும் அவ்வளைவின் உள் ஓரத்தில் முன்னர் மழைநீர் வடியும் வாய்க்கால் ஒன்று இருந்ததென்றும், கரச்சியோலா தம் சக்கரங்களை அந்த வாய்க்காலுக்குள் இறக்கி மற்றவர்களைவிட விரைவாகத் திரும்பினார் என்றும் சொல்லுகிறார்கள். பின்னர் அந்த இடம் சரிவான கான்கிரீட் பாதையாகவே ஆகிவிட்டது. திருவிழாக்களில் மரணக் கிணற்றின் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். சமதளத்தில் வண்டியை உள்நோக்கித் தள்ளவேண்டிய பொறுப்பு முழுவதும் உராய்வுக்கே; சரிவிலோ, சாலையே சாய்ந்து நின்று தன் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறது. உராய்வு எண் 1, சரிவு 20 பாகை என்று கொண்டால், சமதளத்தில் தாங்கக்கூடிய வேகத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம் சாத்தியம் என்று கணக்கு கூறுகிறது. கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் வண்டி தடதடவென்று அதிர்வதால் அதில் ஒரு பங்கு குறைந்தாலும், ஆதாயம் ஆதாயமே. ஒரு வாய்க்காலைக் கண்டு விலகாமல், அதன் சரிவில் மறைந்திருந்த துணையைக் கண்டுகொண்ட அந்தக் கண்ணை நான் வியந்து போற்றுகிறேன்.

இனிப் பிளான்ஸ்கார்ட்டன் என்ற இடத்தில் சாலை திடீரென்று தாழ, வேகமாகச் செல்லும் கார் சக்கரங்கள் நான்கும் எழும்பிச் சிறிது நேரம் ஆகாயத்தில் மிதக்கிறது. மிதக்கும் வண்டிக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. மேலெழும் கணத்தில் எந்தத் திசை, எந்த வேகம் இருந்ததோ அதுவே அதன் விதி. தரையில் மீண்டும் பதியும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்கவேண்டும். திரும்பியிருந்தால், திடீரெனக் கிடைக்கும் பிடிப்பு வண்டியை ஒரே உதறாக உதறிவிடும்.

கடைசியாக டோட்டிங்கர் ஹோஹெ என்ற நீண்ட நேர்பாதை. இங்கே எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும், அதை வெல்லத் தேவையான எஞ்சின் வலிமை வேகத்தின் கனத்தைப் பொறுத்தும் வளர்கின்றன. 150 கிலோமீட்டரிலிருந்து 300 கிலோமீட்டருக்குப் போக விரும்பும் வண்டிக்குக் காற்றோடு போராட எட்டு மடங்கு வலிமை தேவை. ஆனால் இதே காற்றை நண்பனாக்கிக் கொள்ளவும் மனிதன் கற்றுக்கொண்டான். ஆகாய விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், காற்று வண்டியைத் தூக்காமல் தரையோடு அழுத்துகிறது. எடை கூடாமலே பிடிப்பு கூடுகிறது. 1983-ஆம் ஆண்டில் ஸ்டெஃபான் பெல்லோஃப் போர்ஷே 956 காரில் இச்சுற்றை 6 நிமிஷம் 11 நொடியில் முடித்தார். மணிக்குச் சராசரி 202 கிலோமீட்டர். 35 ஆண்டுகள் நிலைத்த அந்த எல்லையை, 2018-இல் டிமோ பெர்ன்ஹார்ட் போர்ஷே 919 காரில் 5 நிமிஷம் 19 நொடியாகக் குறைத்தார். மலை அதே மலை. அந்தக் கையகல நிலத்தை இன்னும் இறுகப் பற்றும் உபாயங்களே வளர்ந்திருக்கின்றன.

எனினும், உபாயங்கள் வளராத காலத்தில் ஒரு மனிதர் இங்கே செய்து காட்டியதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. 1957 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரியில், அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ தமது மசெராட்டியில் அரைத்தொட்டி பெட்ரோலோடு புறப்பட்டார். பாரம் குறைந்தால் டயர்கள் தம் சுமைக்கு ஏற்ற பிடிப்பைக் குறைவின்றித் தரும், பிரேக்கின் உஷ்ணம் குறையும். ஆனால் நடுவில் ஒருமுறை நிறுத்திப் பெட்ரோலும் புது டயர்களும் பெறவேண்டும். நிறுத்தம் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. பாதைக்குத் திரும்பிய அவருக்கு முன்னால் இரு ஃபெராரிகள் முக்கால் நிமிஷ தூரத்துக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தன. 46 வயதான அம்மனிதர் சுற்றுக்குச் சுற்று பாதையின் சாதனை நேரத்தை முறியடித்து, 9 நிமிஷம் 17 நொடியில் ஒரு சுற்றை முடித்து, கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில் இருவரையும் கடந்து வென்றார். அவருக்கு ஐந்தாவது உலகப் பட்டத்தைத் தந்த வெற்றி அது. அவருடைய கடைசிக் கிராண்ட் பிரி வெற்றியும் அதுவே. எஞ்சின் அன்று திடீரென்று வலிமை பெற்றுவிடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இதுவரை செலவிடாமல் மிஞ்சவிட்டிருந்த சிறிதளவு உராய்வையும் அவர் கண்டெடுத்துச் செலவிட்டார்.

1968-இல் மழையும் மூடுபனியும் சூழ்ந்த நாளில் ஜாக்கி ஸ்டூவர்ட் இங்கே நான்கு நிமிஷத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்றார். வென்றவரே இப்பாதையைப் பச்சை நரகம் என்று அழைத்தார். இவ்வளவு நீண்ட மலைப்பாதையில் ஒரு கோடியில் வெயிலும் மறுகோடியில் மழையும் ஏககாலத்தில் இருப்பதுண்டு. அதிலும் ஒரு விசித்திரம்: உலர்ந்த நாளில் எந்தத் தடம் சிறந்த தடமோ, அதில்தான் ரப்பரும் எண்ணெயும் படிந்து, கற்களின் முனைகள் மழுங்கி வழுவழுப்பாகியிருக்கும், ஆகவே மழை வந்தால் அந்தத் தடத்தை விட்டு விலகி, யாரும் மிதிக்காத கரடுமுரடான ஓரத்தில் பிடிப்பைத் தேடவேண்டும். நேற்றுக் கற்ற பாடத்தை இன்று மாற்றிக்கொள்ளும் மனப்பக்குவமும் இந்த வித்தையின் ஓர் அங்கம்.

சுற்று முடிகிறது. தகடுகள் சீராகக் குளிரும்பொருட்டு, கடைசிக் கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டிவந்து, வண்டியை நிழலில் நிறுத்துகிறோம். எஞ்சினை அணைத்தபின், குளிரும் உலோகம் டிக், டிக் என்று சிறு ஒலிகள் எழுப்பிச் சுருங்குகிறது. பிரேக்கின் தீய்ந்த வாசனை காற்றில் நிற்கிறது. குனிந்து பார்த்தால், டயரின் விளிம்பில் ரப்பர் சிறு சிறு திரிகளாக உருண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை அருகே கொண்டுபோனால் அனல் அடிக்கிறது. அந்தக் கையின் அகலமே, இத்தனை முகடுகளிலும் பள்ளங்களிலும் நம் உயிரைத் தாங்கி வந்த நிலத்தின் அகலம்.

மழை நாளில் கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டிக்கும் இந்த அகலம் இவ்வளவே. அங்கேயும் உராய்வின் கணக்கு இம்மியளவும் மாறுவதில்லை. மலைச்சாலை அதை உரத்த குரலில் சொல்கிறது, நம் ஊர்ச் சாலை மெல்லிய குரலில் சொல்கிறது. அடுத்த முறை காற்றடிக்கும் கடையில் அந்த 32 என்ற எண் காதில் விழும்போது, ஒரு கணம் குனிந்து, டயர் தரையைத் தொடும் இடத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்போமாக.